டிரான்சிஸ்டர் பெட்டிக்குள்ள வால்வு ஏறுமா?



சித்திரைத் திருவிழா சமயத்துல பெரியவங்க உட்கார்ந்து பேசுவதைக் கவனிச்சிருக்கீங்களா? "அந்தக் காலத்து வால்வு செட்டுல கேட்டாத்தான்டா பாட்டு. இப்ப வர்றது வெறும் சத்தம்" என்று ஒருத்தராவது சொல்வார். கிட்டார் வாசிக்கிறவர்கள் மத்தியிலும் இதே பேச்சு உண்டு. நம்ம செல்லூரில் ஆர்கெஸ்ட்ராவுக்கு வாசிக்கும் ஒரு அண்ணனிடம் பழைய டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்று சும்மா கிடக்கிறது. பெட்டி நல்ல பலகை, ஸ்பீக்கரும் கிழியவில்லை. "இதுக்குள்ள ரெண்டு வால்வை மாட்டிட்டா வால்வு செட் ஆயிடுமா தம்பி?" என்று கேட்டார். ஆகும். ஆனால் பெட்டியும் ஸ்பீக்கரும் தவிர அநேகமாக எல்லாமே புதுசாகப் போடணும். உயிருக்கு ஆபத்தான ஒரு இடமும் அதற்குள் வரும். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வால்வு என்றால் என்ன? காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே கேத்தோடு என்கிற தகடு சூடாகும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். (வெப்ப அயனி உமிழ்வு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதேதான்.) எதிரே நேர் மின்னழுத்தம் கொடுத்த ஆனோடு அவற்றை இழுக்கும். நடுவில் கிரிட் என்ற கம்பி வலை. கண்மாய் மடையை நினைச்சுக்கோங்க. மடைப் பலகையை லேசா ஏத்தி இறக்கினால் பெரிய தண்ணீர் கூடிக் குறையும். அதுபோல கிரிட்டில் கிட்டாரின் சின்ன மின்னழுத்தம் ஆட, ஆனோடில் பெரிய மின்னோட்டம் ஆடும். இரண்டு முனை வால்வை ஃபிளெமிங் 1904-ல் செய்தார். கிரிட்டை நடுவில் வைத்தவர் லீ டி ஃபாரஸ்ட், 1906-ல்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பார்டீன், பிராட்டைன், ஷாக்லி மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு. நம் நாட்டில் 1954-ல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் வால்வு, டிரான்சிஸ்டர் இரண்டையும் செய்தது. 1940-ல் தொடங்கிய அஹுஜா கம்பெனியின் மைக் செட்டுகளைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. டிரான்சிஸ்டர் வந்தபின் செட்டின் எடை குறைந்தது, கார் பேட்டரியிலும் ஓடியது, கண்ணாடி உடையும் பயமும் போச்சு. மைக் செட்காரர் மாறியதில் ஆச்சரியமே இல்லை.

இனி அண்ணன் பெட்டிக்குள் வருவோம். இந்த மாதிரி செட்டில் 24-0-24 வோல்ட் மின்மாற்றி இருக்கும். ஏசி-யை டிசி ஆக்கினால் மேலே 34, கீழே 34 வோல்ட். டிரான்சிஸ்டருக்கு இது தாராளம். வால்வுக்கோ இது பசிக்குப் பொரி போட்ட மாதிரி! கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் ரொம்பப் பேர் போடுகிற இ.எல்.84 வால்வை எடுத்துக்குவோம். ஆனோடுக்கு 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர். சூடேற்றும் இழைக்குத் தனியாக 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர். கணக்குப் போடுங்க: ஆனோடில் 250 × 0.048 = 12 வாட். இழையில் 6.3 × 0.76 = கிட்டத்தட்ட 4.8 வாட். முன்னால் கிட்டாரின் சிக்னலைப் பெரிதாக்க 12 ஏ.எக்ஸ்.7 என்ற சின்ன வால்வு வேறு வேணும். எல்லாம் சேர்த்தால் 20 வாட்டுக்குக் குறையாது. வெளியே வரும் ஓசை சுமார் 5 வாட்! மிச்சம் அத்தனையும் சூடு. (பெட்டியின் முதுகுப் பலகையைத் திறந்து விடச் சொல்வது இதனால்தான்.)

5 வாட் போதுமா என்று பயப்பட வேண்டாம். 20 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் 6 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதி சத்தமாகத் தோன்றவே 10 டெசிபல் குறையணும். அறைக்குள் வாசிக்க 5 வாட் தாராளம்.

ஆக, பழைய மின்மாற்றி உதவாது. மோட்டார் காயில் கட்டும் கடையில் சொன்னால் 200 வோல்ட் 100 மில்லி ஆம்பியர் ஒரு சுற்று, 6.3 வோல்ட் 2 ஆம்பியர் ஒரு சுற்று என்று கட்டித் தருவார்கள். மின்மாற்றியே வேண்டாம், வீட்டு 230 வோல்ட்டை நேரே டயோடு போட்டு டிசி ஆக்கிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. அப்படிச் செய்தால் செட்டின் தகரமும் கிட்டாரின் கம்பியும் நேராக வீட்டுக் கரண்டோடு சேர்ந்துவிடும். வாசிக்கிறவர் கை அந்தக் கம்பியின் மேல்தானே இருக்கு!

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஸ்பீக்கருக்குப் போகும் மின்மாற்றி. டிரான்சிஸ்டர் கிட்டார் செட்டில் இது இருக்காது, ஸ்பீக்கர் நேராகச் சேரும். வால்வில் ஏன் முடியாது? வால்வு வோல்ட்டை நிறையத் தரும், ஆம்பியரைக் கொஞ்சமாகத்தான் தரும். அதற்கு எதிரே 5000 ஓம் மாதிரி பெரிய சுமை வேணும். ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவில் மின்மாற்றி தரகர் வேலை பார்க்கும். 5000-ஐ 8-ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. முதல் பக்கம் 25 சுற்றுக்கு மறுபக்கம் 1 சுற்று. சரிபார்ப்போமா? 5 வாட் ஓசைக்கு வால்வு பக்கம் 158 வோல்ட், 0.032 ஆம்பியர். ஸ்பீக்கர் பக்கம் 6.3 வோல்ட், 0.79 ஆம்பியர். வோல்ட் 25 மடங்கு இறங்குது, ஆம்பியர் 25 மடங்கு ஏறுது. பெருக்கினால் இரண்டு பக்கமும் அதே 5 வாட். பாடத்தில் மின்மாற்றிக் கணக்குப் போடும்போது எதுக்குடா இது என்று தோணுமே, இதுக்குத்தான்.

இந்த மின்மாற்றியைக் கடையில் கேட்டால் கைவிரிப்பார்கள். ஆனால் மைக் செட் கடையில் இதன் தம்பி ஒருத்தன் இருக்கிறான். தெரு முழுக்கக் குழாய் கட்டும்போது நீளமான வயரில் மின்சாரம் வீணாகாமல் இருக்க 100 வோல்ட்டாக அனுப்புவார்கள். (மின்வாரியம் தொலைதூரத்துக்கு உயர் அழுத்தத்தில் அனுப்புகிற அதே தத்துவம்.) ஒவ்வொரு குழாய் பக்கத்திலும் ஒரு சின்ன லைன் மின்மாற்றி 100 வோல்ட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற மாதிரி இறக்கும். அதன்மேல் ஓம் போட்டிருக்காது. 1 வாட், 2 வாட், 5 வாட் என்று முனைகளுக்கு வாட்தான் போட்டிருக்கும். ஓம் கண்டுபிடிக்க வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுக்கணும். 100 × 100 = 10,000. 2 வாட் முனை என்றால் 5000 ஓம். நமக்கு வேண்டியது கையில் கிடைச்சிருச்சு!

ஒரு குறை உண்டு. ஒற்றை வால்வு செட்டில் 48 மில்லி ஆம்பியர் டிசி எப்பவும் அந்தச் சுற்று வழியே ஓடிக்கிட்டே இருக்கும். லைன் மின்மாற்றியின் இரும்பு அதற்காகச் செய்ததில்லை. டிசி-யிலேயே இரும்பின் காந்தம் பாதி நிறைஞ்சுவிட்டால் அடிக்குரல் மங்கும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், முதலில் அடி வாங்குவது அதுதான். அதனால் வாட் அதிகமுள்ள, எடை கனமான மின்மாற்றியாக எடுத்து அதன் 2 வாட் முனையைப் பயன்படுத்தணும். இரண்டு வால்வை எதிரெதிரே வைக்கும் புஷ்-புல் முறையில் இரண்டு பக்க டிசி-யும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு நடுமுனை உள்ள மின்மாற்றி வேணும், வேலையும் இரண்டு மடங்கு.

இப்போது அந்த ஆபத்தான இடம். தயவுசெய்து இதை மட்டும் இரண்டு தடவை படிங்க.

டிசி-யைச் சீராக்க மின்தேக்கி போடுவோம். 47 மைக்ரோஃபாரட், 300 வோல்ட் என்று வையுங்க. பாடத்தில் உள்ள சூத்திரப்படி ஏறக்குறைய 2 ஜூல் ஆற்றல் அதில் நிற்கும். ஜூலைப் பார்த்து அலட்சியம் வேண்டாம், 300 வோல்ட் உடம்பு வழியே பாய்ந்தால் இதயம் தாங்குமா என்பதுதான் கேள்வி. சுவிட்சை அணைச்சாச்சு, பிளக்கையும் பிடுங்கியாச்சு, இனி என்ன பயம் என்று கையை விட்டால் மின்தேக்கி அடிக்கும். பிளக்கைப் பிடுங்கினால் செட் செத்துப்போச்சு என்ற நம் பழக்கம் இங்கே செல்லாது. அதனால் மின்தேக்கிக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 1 வாட் மின்தடையாக்கி ஒன்றை நிரந்தரமாகப் போடணும். காலமாறிலி சுமார் 10 விநாடி. 50 விநாடியில் 300 வோல்ட் 2 வோல்ட்டாக இறங்கிடும். அப்படியும் மின்தடையாக்கி கருகியிருக்கலாம் இல்லையா? மீட்டர் வைத்து அளந்து பார்த்துத்தான் தொடணும். இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் வேலை செய்வது நல்ல மெக்கானிக்குகளின் பழக்கம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும்.

இன்னொன்று. டிரான்சிஸ்டர் செட்டில் ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆனால் டிரான்சிஸ்டர் போகும், ஸ்பீக்கரைக் கழற்றி வைத்தால் ஒன்றும் ஆகாது. வால்வு செட்டில் ஸ்பீக்கர் இல்லாமல் கிட்டாரை வாசித்தால் மின்மாற்றியில் பெரிய மின்னழுத்தம் எழுந்து சுற்றே பொசுங்கலாம். அப்படியே தலைகீழ்! தகரத்துக்கு எர்த், மூணு பின் பிளக் கட்டாயம். என் கருத்து, பள்ளி மாணவர்கள் கணக்குப் போடலாம், மின்மாற்றி தேடலாம், தகரத்தில் ஓட்டை போடலாம். கரண்டு கொடுத்துச் சோதிப்பது அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன வித்தியாசம்? சத்தத்தைத் தாங்க முடியாத அளவுக்கு ஏத்தும்போதுதான் தெரியும். டிரான்சிஸ்டர் கடைசி வரை சுத்தமாக வாசித்துவிட்டு எல்லை வந்ததும் அலையின் தலையைக் கத்தியால் சீவுவது போல வெட்டும். ஒற்றை வால்வு அலையின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். அதில் புதிதாகச் சேர்வது பெரும்பாலும் இரண்டாம் சீரிசை. நீங்க ச வாசித்தால் கூடவே மேல் ஸ்தாயி ச மெல்லக் கேட்கும், காதுக்கு உறவுதான். கத்தி வெட்டில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று சேரும். ஏழாவது நம் சுரம் எதிலும் சரியாக உட்காராது. கரகரப்பு அங்கிருந்துதான்.

இது கிட்டாருக்கு நல்லது, ஏனென்றால் அங்கே அந்த மழுங்கலும் வாத்தியத்தில் ஒரு பகுதி. ரெக்கார்டு செய்த பாட்டைக் கேட்க நல்ல டிரான்சிஸ்டர் செட்டே உண்மையான ஓசை தரும் என்பேன். திருவிழாவில் பெரியவர்கள் கேட்ட இனிமைக்கு வால்வு மட்டும் காரணம் இல்லை. கூம்புக் குழாய் அடிக்குரலையும் உச்சக்குரலையும் வெட்டிவிட்டு நடுக்குரலைத் தூரத்துக்கு அனுப்பும். வைகைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பாட்டு, தறிச் சத்தம் ஓய்ந்த நேரம், அவர்கள் வயசு, இதெல்லாமும் சேர்ந்த இனிமை அது. (2000-ஆம் வருட ஒலி விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பெரியவர்களிடம் இதைச் சொன்னால் கோபிப்பார்கள்!)

வால்வு எங்கே கிடைக்கும்? ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் இன்னும் செய்கிறார்கள். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வு வரத்து கொஞ்ச காலம் தடைப்பட்டு, உலகம் பூராவும் கிட்டார்காரர்கள் தவித்தார்கள். பழைய பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகள் மூடிய ரேடியோ கடைகளின் பரணில் சில சமயம் கிடைக்கும். வீட்டில் தாத்தாவின் ரேடியோவைப் பழைய இரும்புக்குப் போடும் முன் உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்க. திறக்கும் முன் பிளக்கும் மின்தேக்கியும் ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. அண்ணன் பெட்டியில் 8 ஓமுக்குப் பதில் 4 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், அதே 5000 ஓமுக்கு எத்தனை சுற்று விகிதம் வேணும்? 100 வோல்ட் லைன் மின்மாற்றியில் 8000 ஓம் வேணுமென்றால் எத்தனை வாட் முனை? விடையை எழுதி இயற்பியல் ஐயாவிடம் கொடுங்க. அடுத்த தாளில் ஒட்டுவோம்.