மடக்குத் தாங்கி: சிறிய இடத்தில் பொருள்களைப் பாதுகாக்க ஓர் எளிய அமைப்பு

நம் முன்னோர் வீட்டுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வகுத்திருந்தனர். நெல்லுக்குக் குதிர், பாத்திரங்களுக்கும் விதைகளுக்கும் பரண், பாலுக்கும் தயிருக்கும் உறி, துணிக்குக் கொடி, குடைக்கும் பைக்கும் சுவரில் அறைந்த முளை. இவற்றுள் உறியைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பானை இருக்கும்போது அது இடத்தை அடைத்துக்கொள்கிறது; பானையை எடுத்துவிட்டால் வெறும் கயிறாகத் தொங்குகிறது. வேண்டும்போது விரிந்து, வேண்டாதபோது சுருங்கும் பொருள் என்ற கருத்து நமக்குப் புதியதன்று. அக்கருத்தை மரவேலையில் கையாண்டு, எந்த ஊர்த் தச்சரும் செய்யக்கூடிய மடக்குத் தாங்கி ஒன்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

தேவை எங்கே?

செம்பரம்பாக்கத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் உபரிநீர் அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், ஒரே நாளில் இங்கே சுமார் 47 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையில் வாழ்ந்த மக்கள் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது.

வெள்ளத்துக்குத் தப்பி வருவோர் கையில் கொண்டுவருவது என்ன? மாற்றுத் துணி, குழந்தையின் பள்ளிப் பை, குடும்ப அட்டை, நிலப் பட்டா, சான்றிதழ்கள், மருந்து. வகுப்பறைத் தரையில் வைத்தால் மழைச்சாரலும் ஈரக் கால்களும் ஒரு மணி நேரத்தில் அவற்றை நனைத்துவிடும். பட்டாவும் சான்றிதழும் கெட்டால் நகல் பெறுவதற்கு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அதனால் இழக்கும் நாட்கூலியை யாரும் ஈடு செய்வதில்லை. ஆகவே தரைக்கு மேலே ஓர் இடம் வேண்டும். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அந்த அறை மாணவர்க்கு உரியது. நிலையான அலமாரிகளை அங்கே நிறுத்தி இடத்தைக் குறைத்தல் தகாது. மடக்கக்கூடிய தாங்கியே இதற்கு ஏற்றது.

தேவை இன்னொன்றும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியபின், வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஊர்ப்புறங்களில் அறை எடுத்துத் தங்குகின்றனர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் 18,720 படுக்கைகள் உள்ளன. எனினும் ஊர்களில் வாடகை அறைகளை நாடுவோர் குறைந்துவிடவில்லை. விவசாயிகள் பலர் தம் மனையில் நான்கைந்து அறைகள் கட்டி வாடகைக்கு விட்டுள்ளனர். அத்தகைய அறையில் மூவரோ நால்வரோ தங்கும்போது, தலைக்கவசம், சீருடைக் கோட்டு, ஊரிலிருந்து வந்த பார்சல் ஆகிய அனைத்தும் பாய் விரிக்கும் இடத்திலேயே கிடக்கின்றன. இரவுப் பணி முடித்து வருபவர் பகலில் உறங்க வேண்டும். அவருக்குத் தரை வேண்டும். இங்கும் அதே தாங்கி பயன்படும்.

மடங்கும் முறைகள்

மடங்கும் அமைப்புகளில் நமக்குப் பழக்கமானவை இரண்டு. ஒன்று, கடைவாசலில் காணும் இரும்பு மடக்குக் கதவு. குறுக்குச் சட்டங்கள் கத்தரிக்கோல்போல் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் அது இழுத்தால் விரிகிறது; தள்ளினால் சுருங்குகிறது. இம்முறையில் சுவர்முளைத் தாங்கிகள் செய்வதுண்டு. தொப்பி, துண்டு, குடை ஆகிய இலேசான பொருள்களுக்கு அது போதும். ஆனால் மூட்டையின் எடை ஒவ்வொரு மூட்டாணியிலும் விழுவதால், சில மாதங்களில் துளைகள் அகன்று அமைப்பு தளர்ந்துவிடும்.

மற்றொன்று, கீல் போட்ட பலகை. பலகை கீழே தொங்கும். தூக்கி நிறுத்தி, அடியில் முட்டு கொடுத்தால் தட்டாகும். எடை தாங்குவதற்கு இதுவே தக்கது. நாம் கூறப்போவது இம்முறையே.

அமைப்பும் அளவுகளும்

தாங்கியின் உறுப்புகள் ஐந்து.

1. நிற்கும் சட்டங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளம், 2.5 சென்டிமீட்டர் கனம். இவை ஒன்றுக்கொன்று 80 சென்டிமீட்டர் இடைவெளியில் சுவரில் பொருந்தும்.

2. மேற்சட்டம் ஒன்று. நீளம் 120 சென்டிமீட்டர். உயரமும் கனமும் 8 சென்டிமீட்டர். நிற்கும் சட்டங்களின் மேல்முனை இதில் வெட்டிய பள்ளங்களில் அமர வேண்டும்.

3. பலகை ஒன்று. நீளம் 120, அகலம் 35 சென்டிமீட்டர். கனம் 18 மில்லிமீட்டர். மேற்சட்டத்தின் முன்பக்கக் கீழ்விளிம்பில் மூன்று கீல்களால் இணைக்க வேண்டும். மூட்டை நழுவாமல் இருக்கப் பலகையின் முன்விளிம்பில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மெல்லிய சட்டம் அடிக்கலாம்.

4. முட்டுகள் இரண்டு. ஒவ்வொன்றும் முக்கோண வடிவம்: சுவர்ப்பக்கம் 30, மேற்பக்கம் 34 சென்டிமீட்டர், இரண்டையும் இணைக்கும் சாய்சட்டம் ஒன்று. மரத்தின் கனம் 2.5 சென்டிமீட்டர். நிற்கும் சட்டத்தின் முகத்தில் இரண்டு கீல்களால் பொருத்தினால், முட்டு கதவுபோல் திரும்பும். முட்டின் மேல்விளிம்பு மேற்சட்டத்தின் அடியிலிருந்து 18 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பலகையின் கனம் அந்த இடைவெளியில் அமரும்.

5. வளையச் சட்டம் ஒன்று. நிற்கும் சட்டங்களின் அடிமுனைகளுக்கு இடையே இதைப் பொருத்தி ஐந்தாறு இரும்பு வளையங்களைத் தொங்கவிட வேண்டும்.

இரு முட்டுகளும் உட்பக்கமாக மடங்கும். 34 சென்டிமீட்டர் வீதம் இரண்டுக்கும் 68 சென்டிமீட்டர் வேண்டும். நமக்குள்ள இடைவெளி 80. எனவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அவை சுவரோடு படியும். அவற்றின் மேல் பலகை திரைபோல் தொங்கி மறைக்கும். மடக்கிய நிலையில், விளிம்புச் சட்டம் உட்பட, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் மட்டுமே வெளியே நிற்கும். விரித்த நிலையில் 43 சென்டிமீட்டர் நீளும்.

வளையச் சட்டத்தில் முளைகள் அடிக்கலாகாதா என்று கேட்கலாம். பலகை தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் அமையும்போது, வளையச் சட்டம் ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அது சிறு பிள்ளைகளின் முகத்துக்கு நேரான உயரம். நீட்டிக்கொண்டிருக்கும் முளை கண்ணுக்குக் கேடு. வளையமோ தானே படிந்து தொங்கும். பையின் வாரையோ குடையின் பிடியையோ அதில் மாட்டலாம். வெள்ளமில்லாத நாட்களில் மாணவர் பைகளுக்கு இவ்வளையங்களே பயன்படும்.

முட்டு ஏன் முக்கோணமாக வேண்டும்?

நான்கு சட்டங்களை ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், அது சாய்ந்துவிடும். மூன்று சட்டங்களால் முக்கோணம் செய்தால், சட்டம் முறிந்தாலன்றி வடிவம் மாறாது. நம் ஓட்டுக்கூரையின் கைமரங்கள் உத்திரத்தோடு சேர்ந்து நிற்பது இவ்விதியினால்தான். சாய்சட்டம் இல்லாத முட்டு முதல் நாள் தாங்கும்; மழைக்காலத்தில் மரம் ஊறி மூட்டு நெகிழ்ந்தபின் தாங்காது.

தானே மடங்காமல் இருக்க

விரித்த முட்டை யாராவது தெரியாமல் தட்டிவிட்டால் அது மடங்கிப் பலகை சரிந்துவிடும். இதைத் தடுக்கப் பலகையின் அடியில், முட்டு வந்து நிற்கும் இடத்தில், 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் செதுக்க வேண்டும். முட்டின் மேல்விளிம்பில் முன்முனையை அட்டளவு உயர்த்திவிட்டால், அது பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். பலகையைச் சற்றுத் தூக்கினாலன்றி முட்டு அசையாது. பலகையின் மேல் எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடும்.

விரிக்கும் முறை: பலகையை மட்டத்துக்குச் சிறிது மேலே தூக்குக, முட்டுகளை நேராகத் திருப்புக, பலகையை அவற்றின்மேல் இறக்குக. மடக்கும்போது பலகையைத் தூக்கி, முட்டுகளை உள்ளே திருப்பி, பலகையைத் தொங்கவிடுக. பலகையின் எடை ஏறத்தாழ 5 கிலோ, ஒருவரே செய்யலாம்.

சுவரைப் பற்றிய கணக்கு

தாங்கி விழுவதற்குப் பெரும்பாலும் மரம் காரணமன்று, சுவர்ப்பிடிப்பே காரணம். கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பலகையில் 40 கிலோ எடை பரவலாக வைத்தால், எடையின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 25.5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,020. மேல் திருகாணிக்கும் கீழ்த் திருகாணிக்கும் இடையே 50 சென்டிமீட்டர் இருந்தால், 1,020-ஐ 50-ஆல் வகுக்க, மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை ஏறத்தாழ 20 கிலோ. இரு சட்டங்களுக்கும் பங்கிட்டால் 10 கிலோ. சட்டத்தைச் சிக்கனம் செய்து திருகாணிகளுக்கு இடையே 20 சென்டிமீட்டர் மட்டும் விட்டால், அதே எடைக்கு விசை 51 கிலோவாகிறது. சட்டத்தின் நீளத்தைக் குறைக்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மற்றுமொன்று: 30 கிலோ எடையுள்ள சிறுவன் பலகையின் முன்விளிம்பைப் பற்றித் தொங்கினால், 30-ஐ 43-ஆல் பெருக்க 1,290 ஆகும். பலகை நிறைய வைத்த மூட்டைகளைவிட அது அதிகம். பிள்ளைகள் தொங்கத்தான் செய்வர் என்று எதிர்பார்த்தே பொருத்த வேண்டும்.

செங்கல் சுவராயின், துளையிட்டுப் பிளாஸ்டிக் குழல் செருகி, நீண்ட திருகாணிகளை முடுக்கலாம். பூச்சில் மட்டும் பற்றிய ஆணி பயனற்றது. அது செங்கல்லுக்குள் நன்றாகச் செல்ல வேண்டும். உள்ளீடற்ற கட்டிகளால் கட்டிய சுவரிலும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும், சுவரை ஊடுருவும் போல்ட்டைச் செலுத்தி, வெளிப்புறம் இரும்புத் தகடு வைத்து நட்டை முடுக்குவதே நன்று. மழைநீர் கசியாதபடி வெளித்துளையைச் சிமெண்டால் அடைத்துவிடுக.

மரமும் பாதுகாப்பும்

சட்டங்களுக்கு நன்கு உலர்ந்த வேம்பு போதுமானது. பூச்சி எளிதில் அணுகாது. பலகைக்கு ஈரம் தாங்கும் பிளைவுட் வாங்குவது நலம்; சாதாரண வகை நனைந்தால் அடுக்கடுக்காகப் பிரியும். வெட்டிய ஓரங்களில் இருமுறை வண்ணம் பூசுக. கீலும் திருகாணியும் துருப்பிடிக்காத எஃகில் இருப்பின் சிறிது விலை கூடினும் இலாபமே. துருவேறிய கீல் வேண்டிய நாளில் திரும்பாது. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் விடுக. முனைகளில் கறையான் மண் தென்படுகிறதா என்று பார்க்க.

பொருத்தியபின் சோதனை இன்றியமையாதது. 60 கிலோ மணலைச் சிறு பைகளில் கட்டிப் பலகையில் பரப்பி ஒரு நாள் முழுதும் விட்டுவையுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி தோன்றினாலும், பிடிப்பைச் சரிசெய்தபின்பே பயனுக்கு விடுக. வாசலுக்கருகிலோ நடமாடும் வழியிலோ பொருத்தலாகாது. விரித்த பலகையில் தலை இடிக்கும். வாடகை அறைகளில் பலகையை 170 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், அதன் அடியில் பாய் விரித்துப் படுக்கலாம்.

ஊராட்சியின் பங்கு

ஒரு தாங்கியில் மூன்று சிறு மூட்டைகள் அமையும். 6 மீட்டர் நீளச் சுவரில், சாளரங்களுக்கு இடம் விட்டு, மூன்று தாங்கிகள் பொருத்தினால் ஒன்பது குடும்பங்களின் முதன்மையான பொருள்கள் தரைக்கு மேலே நிற்கும். இதனால் மிச்சமாகும் தரை சிறிதே. நனையாமல் காக்கப்படுவதே பெரும்பயன். ஆகையால் பாத்திரங்களையும் கனமான சாமான்களையும் இதில் ஏற்றக் கூடாது. ஆவணங்கள், மருந்து, ஒரு மாற்றுடை, பள்ளிப் புத்தகங்கள் ஆகியவையே இதற்கு உரியவை. ஒவ்வோர் இடத்துக்கும் எண் எழுதி, அதே எண்ணுள்ள அட்டையைக் குடும்பத்தாரிடம் கொடுத்தால் பூசல் எழாது.

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பொருத்துமுன் தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கலந்துகொள்ள வேண்டும். எந்தச் சுவர், எந்த உயரம் என்பதை அவர்களே நன்கறிவர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆதலால் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் இதனை எடுத்துக்கொள்வது காலம் கடந்த செயலாகும். ஆகஸ்ட் 15-ஆம் நாள் கிராம சபையிலேயே பொருளை வைத்துத் தீர்மானித்து, செப்டம்பரில் வேலையை முடித்து, சோதனையையும் நடத்திவிட வேண்டும்.

முதலில் ஒரே ஒரு தாங்கி செய்து ஊராட்சி அலுவலகச் சுவரில் பொருத்துக. உறுப்பினரும் ஊராரும் அதனை விரித்தும் மடக்கியும் பார்க்கட்டும். தச்சருக்கும் அளவு கைவரும். குறை இருந்தால் தெரியும். அதன்பின் பள்ளிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் எத்தனை வேண்டும் என்று கணக்கிடலாம். வாடகைக்கு அறை விடும் விவசாயப் பெருமக்களும் அந்த மாதிரியைப் பார்த்துத் தம் அறைகளில் அமைத்துக்கொள்ளலாம். அவர்கள் அறையில் குடியிருப்பவரும் பிறருடைய பிள்ளைகளே அன்றோ? உழைத்துக் களைத்து வருபவர் காலை நீட்டிப் படுக்க இடம் தருவது, வாடகை பெறுபவரின் கடமை.