பழைய கணிப்பொறிக்கு மறுவாழ்வு: பழுதறியும் முறையும் லினக்ஸும்

பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் இயங்காத கணிப்பொறிகள் ஓர் அறையின் மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, விலை குறைந்த ஓர் உறுப்பு மட்டும் கெட்டுப்போனவை. இரண்டாம் வகை, உறுப்புக்கள் யாவும் நலமாயிருந்தும், இயங்குதளத்தின் தேவைகள் வளர்ந்துவிட்டமையால் வேகம் குன்றியவை. மூன்றாம் வகை, உண்மையிலேயே பயனற்றுப் போனவை. இவற்றைப் பிரித்தறியாமல் ஒருசேரக் கழிவாகத் தள்ளுவதால் பொருள் நட்டமும், மண்ணுக்கும் நீருக்கும் கேடும் விளைகின்றன. பிரித்தறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முறையை அறிந்துகொள்வது இப்பொழுது அவசரமாகியுள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பதை, தனி ஏற்பாடு செய்துகொண்டவர்களுக்கு அன்றி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் குறிப்பிட்ட சில வகைப் பிராசசர்களையும் வேண்டுகிறது. எனவே, நன்கு இயங்கும் எண்ணற்ற பொறிகள் உறுப்புப் பழுது ஏதுமின்றியே கழிவுக் குவியலுக்குச் செல்லும் நிலையில் உள்ளன.

ஏலூர் காட்டும் உண்மை

கழிவின் விளைவை ஆராய்வதற்குக் கொச்சியை அடுத்த ஏலூர் தக்க எடுத்துக்காட்டாகும். பெரியாற்றின் நீர் சூழ்ந்த தீவாகிய இவ்வூரில், 1943-இல் நிறுவப்பெற்ற ஃபாக்ட் உரத் தொழிற்சாலை 1947-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து காஸ்டிக் சோடா, அருமண் சேர்மங்கள், பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளும் இங்கே எழுந்தன. உத்யோகமண்டல் என்னும் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்த இத்தொழில்களின் கழிவு, ஆற்றிலும் ஓடைகளிலும் படிந்தது. குழிக்கண்டம் ஓடையின் சேற்றில் டி.டி.டி.யும் குளோரின் கலந்த பிற கரிமச் சேர்மங்களும் இருப்பதை 1999-இல் கிரீன்பீஸ் அமைப்பு நடத்திய ஆய்வு காட்டியது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகக் கடுமையாக மாசடைந்தவை என வகுத்த 43 தொழிற்பகுதிகளுள் பெருங்கொச்சியும் ஒன்றாகும்.

சேற்றில் ஒருமுறை படிந்ததை மீட்பது மிக அரிது என்பதே ஏலூர் தரும் பாடம். இது மின்னணுக் கழிவுக்கும் முற்றிலும் பொருந்தும். பழைய மதர்போர்டுகளில் உறுப்புக்களைப் பிணைக்கும் பற்றாசு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கொண்டது. பழைய குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயமும், பழைய தட்டைத் திரைகளின் பின்விளக்குகளில் பாதரசமும், நிக்கல்-காட்மியம் பாட்டரிகளில் காட்மியமும் உள்ளன. இவை தனிமங்கள் ஆகையால் எரித்தாலும் அழிவதில்லை. காற்றிலோ சாம்பலிலோ தங்கிவிடும். செம்பை எடுப்பதற்காகப் பி.வி.சி. உறையுள்ள கம்பிகளை வெட்டவெளியில் எரிக்கும்பொழுது டயாக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள்களும் உண்டாகின்றன. ஒரு பொறியின் ஆயுளை ஐந்தாண்டு நீட்டித்தால், அதன் கழிவு ஐந்தாண்டு தள்ளிப்போவதுடன், அதற்கு மாற்றாக ஒரு புதுப்பொறி செய்யப்படுவதும் ஐந்தாண்டு தள்ளிப்போகிறது.

கேரளப் பள்ளிகளின் அனுபவம்

ஏலூர் அமைந்துள்ள அதே மாநிலத்தில், பள்ளிக் கணிப்பொறிகளைப் பேணும் முயற்சி ஒன்று பெரிய அளவில் நடந்துள்ளது. கேரள அரசு 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அத்திட்டத்தின் பள்ளிகள் விண்டோஸை விடுத்து, உரிமக் கட்டணம் இல்லாததும், யாவரும் நகலெடுத்துத் திருத்திக்கொள்ளத்தக்கதுமாகிய லினக்ஸுக்கு மாறின. பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து, மலையாளத்தில் இயங்கும் தனி லினக்ஸ் தொகுப்பும் தயாரிக்கப்பெற்றது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2017-இல் இத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018-இல் தொடங்கப்பெற்ற ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களின் பயிற்சியில் நிரலெழுதுதல், அசைவூட்டம் ஆகியவற்றுடன் உறுப்புக்களைப் பேணும் கலையும் இடம்பெற்றுள்ளது.

இவ்வனுபவத்தில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கட்டணமின்மையால் மிஞ்சும் பணத்தைவிட, பொறியின் உள்ளே நடப்பதை ஆசிரியரும் மாணவரும் தாமே பார்க்க முடிவது பெரும் பயனாகும். தமிழ்நாட்டிலும் இதற்கு அடித்தளம் உண்டு. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வழங்கிய பொறிகளில் விண்டோஸுடன் அதுவும் நிறுவப்பட்டிருந்தது. அக்காலத்து மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்று உறங்கிக் கிடக்கின்றன.

பழுதறியும் வரிசை

பழுது பார்ப்பதில் முதல் விதி, எளிய காரணத்திலிருந்து தொடங்கி அரிய காரணத்துக்குச் செல்லுதலாகும். இரண்டாம் விதி, ஒரு வேளையில் ஒரே ஒரு மாறுதலைச் செய்து விளைவைப் பார்த்தலாகும். இரண்டு உறுப்புக்களை ஒருங்கே மாற்றினால், எது காரணம் என்பது தெரியாமற் போய்விடும். விஞ்ஞானப் பரிசோதனைக்குரிய விதியும் இதுவே.

முதலாவதாக, மின்சாரம். சுவர்ப் பிளக், கம்பி, சுவிட்ச் ஆகியவற்றைச் சோதித்தபின், எஸ்.எம்.பி.எஸ். தரும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்கவேண்டும். 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையிலும், 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையிலும் இருத்தல் வேண்டும். இவ்வெல்லைக்கு வெளியே இருப்பின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுக.

இரண்டாவதாக, ரேம். பொறி ஓடத் தொடங்கியும் திரை இருண்டிருந்து, ‘பீப்’ ஒலி மீண்டும் மீண்டும் கேட்குமாயின், பெரும்பாலும் ரேம் சரியாகப் பொருந்தவில்லை எனக் கொள்ளலாம். கொச்சி போன்ற கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றால் இணைப்பு முனைகளில் அழுக்குப் படலம் உண்டாகும். ரேமைக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் முனைகளைத் துடைத்து, உலர்ந்தபின் மீண்டும் பொருத்துக. இரண்டு ரேம்கள் இருப்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே சோதித்தல் நலம்.

மூன்றாவதாக, மதர்போர்டில் உள்ள நாணய வடிவ செல். இதன் பெயர் சி.ஆர். 2032. முதல் இரண்டு இலக்கங்கள் 20 மில்லிமீட்டர் விட்டத்தையும், அடுத்த இரண்டு 3.2 மில்லிமீட்டர் தடிப்பையும் குறிக்கும். 3 வோல்ட் தரவேண்டிய இந்த செல் தீர்ந்துபோனால், பொறியை அணைத்தவுடன் கடிகாரம் நின்று, தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்களைத் தேதியைக் கொண்டே சரிபார்ப்பதால், இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். ‘இணையம் கெட்டுவிட்டது’ எனக் கைவிடப்படும் பொறிகள் சில, ஒரு சிறு செல்லை மாற்றியவுடன் நலமடைவதுண்டு.

நான்காவதாக, வெப்பம். சில நிமிடங்கள் ஓடித் தானே அணையும் பொறியில், ஹீட்சிங்கின் இடுக்குகளைத் தூசி அடைத்திருக்கும். அல்லது பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசிய வெப்பக் களிம்பு உலர்ந்திருக்கும். தூசியை அகற்றிப் புதிய களிம்பை மெல்லியதாகப் பூசுக. விசிறியின் இறக்கைகளைக் கையால் பிடித்துக்கொண்டே தூசியை ஊதவேண்டும்.

ஐந்தாவதாக, கெபாசிட்டர்கள். 1999-க்கும் 2007-க்கும் இடையே செய்யப்பட்ட மதர்போர்டுகள் பலவற்றில் தரங்குறைந்த கெபாசிட்டர்கள் இடம்பெற்றிருந்தன. மேற்பரப்பு தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் அது கெட்டதாகும். அதே மின்தேக்கு திறனும், அதற்குக் குறையாத வோல்ட் அளவும் உள்ள ஒன்றை, துருவம் மாறாமல் பற்றவைத்துச் சரிசெய்யலாம். இது பயிற்சி பெற்றவர் செய்யத்தக்கது.

தீர்ப்பளிக்கும் பரிசோதனை

மேற்கூறியவற்றால் பொறி உயிர் பெற்றும் ஒழுங்காக இயங்காவிடின், குறை உறுப்பிலா, மென்பொருளிலா என்னும் வினா எழுகிறது. இதற்கு விடையளிக்க லினக்ஸ் ஓர் அரிய வழியைத் தருகிறது. லினக்ஸ் தொகுப்பை ஒரு பென்டிரைவில் பதிந்து, வன்தட்டைத் தொடாமலேயே அதிலிருந்து பொறியை இயக்கலாம். அவ்வாறு இயக்கியபொழுது திரை, ஒலி, விசைப்பலகை, இணையம் யாவும் சரியாக வேலை செய்தால் அவ்வுறுப்புக்கள் நலமாயுள்ளன. குறை வன்தட்டிலோ அதில் உள்ள மென்பொருளிலோ இருக்கவேண்டும். பின்னர், வன்தட்டின் தன்னறிக்கையாகிய ‘ஸ்மார்ட்’ அளவுகளைப் படித்தால் அவ்விரண்டில் எது என்பதும் பெரும்பாலும் விளங்கும். கெட்ட வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், பத்தாண்டு கடந்த பொறியும் வியக்கத்தக்க வேகம் பெறும்.

எந்தத் தொகுப்பைத் தேர்வது என்பது ரேமின் அளவையும் பிராசசரையும் பொறுத்தது. 4 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருப்பின் வழக்கமான தொகுப்புக்கள் பலவும் ஏற்றவை. 2 ஜி.பி. இருப்பின் எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. ஆகிய எளிய முகப்புக்களைக் கொள்ளுதல் நலம். 1 ஜி.பி. மட்டுமே உள்ள பொறியில் எழுத்துப் பணியும் தட்டச்சுப் பயிற்சியும் இயலும்; இன்றைய இணையப் பக்கங்களை அது தாங்காது. 32 பிட் பிராசசர் உள்ள பொறிகளுக்குக் காலம் சுருங்கி வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் அவற்றுக்குரிய நிறுவுதொகுப்பு இல்லை. டெபியன் 12-ஐக் கொண்டே சில காலம் ஓட்டவேண்டும். எல்லாப் பொறியையும் லினக்ஸ் காப்பாற்றும் என்று மாணவரிடம் கூறுதல் கூடாது.

கையடக்க விளையாட்டுக் கருவிகள்

மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டுவதில் விளையாட்டுக்கு ஈடாக மற்றொன்றைக் கூறுவது கடினம். இளஞ்சிறார்க்குரிய ஜிகாம்ப்ரி, கணக்குப் பயிற்றும் டக்ஸ்மேத், பந்தய விளையாட்டாகிய சூப்பர்டக்ஸ்கார்ட் ஆகியன லினக்ஸில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விண்டோஸுக்கு எழுதப்பட்ட விளையாட்டுக்களையும் லினக்ஸில் ஓட்டுவதற்காக வால்வ் நிறுவனம் 2018-இல் புரோட்டான் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதே நிறுவனம் 2022-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கப் பொறியின் இயங்குதளமும் லினக்ஸே. மெமரி கார்டிலிருந்து லினக்ஸை ஓட்டும் சிறிய கருவிகளும் பல உள.

இக்கருவிகளின் பொதுவான பழுது, தொடாதபொழுதே சுட்டி ஒருபுறமாக நகர்வதாகும். பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளினுள் மாறுமின்தடைகள் இரண்டு உள்ளன. ஒன்று இடவலமாகவும் மற்றொன்று மேல்கீழாகவும் நகர்வை அளக்கும். கரித்தடம் தேயும்பொழுது மின்தடை மாறி, கருவி அதை நகர்வு எனத் தவறாகக் கொள்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் ‘ஹால்’ வகை ஜாய்ஸ்டிக்கில் உரசும் கரித்தடம் இல்லாமையால் இத்தேய்வு இல்லை. பாடநூலில் வரும் மின்தடை மாற்றியையும் ஹால் விளைவையும் விளக்குவதற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு மாணவர்க்குக் கிடைப்பது அரிது.

கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாணவர் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் அந்த அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கியிருக்கக்கூடும். உப்பிய லித்தியம் பாட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, மின்னேற்றவோ கூடாது. அதை எரியும் பொருள்களுக்கு அப்பால் வைத்து உரியவரிடம் ஒப்படைக்கவேண்டும். நாணய வடிவ செல்களைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாய் புண்பட்டு உயிருக்கே ஆபத்து நேரும். ஈயம் கலந்த பற்றாசைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவியபின்னரே உணவு உண்ணவேண்டும்.

பொறியை வேறொருவருக்கு அளிக்குமுன், மாணவர் மதிப்பெண், பயனாளிகளின் பட்டியல் முதலியவை இருந்த வன்தட்டை முழுமையாக அழித்தல் கடமையாகும். உண்மையிலேயே பயனற்றவற்றை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கவேண்டும். எடைக்கு வாங்குபவரிடம் விற்றால், இறுதியில் அது எந்த ஓடைக்கரையில் எரிக்கப்படும் என்பதை அறிய வழியில்லை.

வகுப்பறைப் பயிற்சி

நான்கு அல்லது ஐந்து மாணவர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இயங்காத ஒரு பொறியை அளிக்கவும். பொறியின் அறிகுறி, ஐயுற்ற காரணம், செய்த சோதனை, கண்ட விளைவு என நான்கு பத்திகளில் குறிப்பேடு எழுதச் செய்யவும். மதிப்பீடு செய்யும்பொழுது பொறி ஓடியதா என்பதை மட்டும் நோக்காமல், குறிப்பேட்டைக் கொண்டு மற்றொரு குழு அதே முடிவுக்கு வரமுடிகிறதா என்பதை நோக்குதல் வேண்டும்.

வினாக்கள்

1. ஒரு பொறியின் தேதி நாள்தோறும் பின்னோக்கிப் போகிறது. காரணம் யாது? சரிசெய்வது எவ்வாறு?
2. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் நன்றாக ஓடுகிறது. வன்தட்டிலிருந்து எதுவும் ஓடவில்லை. இதிலிருந்து எவற்றை முடிவு செய்யலாம்? எதை முடிவு செய்ய இயலாது?
3. ஈயத்தை எரித்து அழிக்க முடியாது என்பது ஏன்?
4. உம் ஊரில் பழைய கணிப்பொறிகள் யாரிடம் செல்கின்றன? அவர் அவற்றை என்ன செய்கிறார்? நேரில் கேட்டு எழுதுக.