பழைய படம் இருக்கா?

பெங்களூரு தொம்மலூரில் நெஞ்சுப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ, கைக்கு வந்ததும் முதலில் நான் கேட்பது "பழைய படம் இருக்கா?" என்பதுதான். "அது எதுக்கு டாக்டர், வீட்டுல எங்கயாவது கிடக்கும்" என்பார்கள். அப்படி எங்கேயோ கிடக்கும் படம் பல நாட்கள் புதிய ஸ்கேனைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. நுரையீரலில் தெரியும் ஒரு கெட்டியான சின்னக் கட்டி இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு முன் இல்லாமல் இன்று முளைத்திருந்தால் அது வேறு கதை.

எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் தெரியும். நீர், சீழ், ரத்தம், கட்டி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெளுப்புதான். அதனால் எந்த இடத்தில் மாற்றம், எப்படிப்பட்ட வடிவம் என்பதைத்தான் படம் காட்டும். நோயின் பெயருக்கு நோயாளியின் கதை, பழைய படம், அடுத்த பரிசோதனை மூன்றும் வேண்டும். "நெஞ்சு எக்ஸ்ரே" என்று இரண்டே சொல்லோடு வரும் சீட்டைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எத்தனை நாளாக இருமல், காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, பீடி சிகரெட் பழக்கம், செய்யும் வேலை என்று நாலு வரி இருந்தால் நான் பார்க்கும் விதமே மாறும். டாக்டர் எழுதாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

படம் எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது. "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று டெக்னீஷியன் சொல்வது சடங்குக்கு அல்ல. அரைமூச்சில் எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி நிமோனியா போலத் தெரியும், இதயமும் பெருத்துத் தெரியும். இருமல் வருவதுபோல் இருந்தால் முன்னாலேயே சொல்லி, இருமி முடித்துவிட்டு நில்லுங்கள். ஒரு கல்லூரி மாணவியின் படத்தில் வலது மேல் பக்கம் கீற்றுக் கீற்றாக ஒரு நிழல். காசநோய் விரும்பி உட்காரும் இடம் அது. ஆனால் கோடுகள் நுரையீரலைத் தாண்டிக் கழுத்துவரை ஓடின. கூந்தலைத் தூக்கிக் கொண்டையாக முடியச் சொல்லி மறுபடி எடுத்தோம். நிழல் போய்விட்டது. ஈரப் பின்னல் தோளில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். தாலிச் சங்கிலி, தாயத்து, சேஃப்டி பின் எதுவானாலும் இப்படி ஏமாற்றும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

நுரையீரலைச் சுற்றியுள்ள இரட்டை உறைக்கு நடுவே நீர் கோத்துக்கொள்வதுதான் என்னிடம் அதிகம் குழப்பத்தோடு வரும் பிரச்சினை. நின்றபடி எடுத்த படத்தில் நீர் அடியில் தங்கி, விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்மையான மூலையை மழுக்கிவிடும். அந்த மழுக்கம் நேர்ப்படத்தில் தெரியவே ஏறக்குறைய 200 மில்லி நீர் வேண்டும். படுக்க வைத்து எடுத்தால் நீர் முதுகுப் பக்கம் பரவி, ஒரு பக்கம் முழுக்க மங்கலாக மட்டும் தெரியும்.

படுக்கையிலேயே இருந்த ஒரு பெரியவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். வேறோர் இடத்தில் படுத்தபடி எடுத்த படம் கையில் இருந்தது. நிமோனியா என்று மருந்து போயிற்று, காய்ச்சல் இறங்கவில்லை. இடது பக்கம் முழுக்க மங்கல். ஆனால் அந்த மங்கலின் ஊடே ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன. கெட்டிப்பட்ட நுரையீரலில் அவை அப்படித் தெரியாது. "அப்பாவைக் கொஞ்சம் உட்கார வைச்சுப் பிடிச்சுக்கம்மா" என்று சொல்லி, முதுகில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தேன். திரையில் கறுப்பாக நீர், அதில் சுருங்கிய நுரையீரலின் நுனி அசைந்துகொண்டிருந்தது. நீருக்குள் சிலந்தி வலை மாதிரி இழைகள். சீழ் பிடித்துத் தடுப்புகள் விழத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஊசியால் ஒருமுறை எடுப்பது போதாது, குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவருக்கு உடனே போனில் சொன்னேன். சிடி ஸ்கேன்கூட இந்த இழைகளைச் சரியாகக் காட்டாது. விலை குறைந்த, கதிர்வீச்சே இல்லாத கருவி காட்டும். நீர் எடுக்கும்போதும் அல்ட்ராசவுண்டில் பார்த்து, அதே நிலையில் உட்கார வைத்து அங்கேயே எடுப்பதுதான் பத்திரம். எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அதில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களும் ஏடிஏ என்ற நொதியின் அளவும் கூடியிருந்தால் நம் நாட்டில் முதல் சந்தேகம் காசநோய்தான்.

காசநோயில் எக்ஸ்ரேக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு வரலாறு உண்டு. பல்லாரி சாலையில் உள்ள தேசிய காசநோய் நிறுவனம் 1959இல் தொடங்கியது. எக்ஸ்ரே வண்டிகளோடு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நிறுவனத்தின் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் விசாரித்து 1963இல் வெளியிட்ட ஆய்வு, கிருமியுள்ள நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் அறிகுறியை உணர்ந்திருந்ததையும், பாதிப் பேர் அளவுக்கு ஏற்கெனவே மருத்துவமனைப் படியேறியிருந்ததையும் காட்டியது. இருமலோடு வருகிறவரின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே தேசியத் திட்டத்தின் அடித்தளமாயிற்று. ஏழை நாட்டுக்கு அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தப்பிப் போயிருப்பார்கள் என்று தெரிந்தது. இருமலே இல்லாமல் நோய் உள்ளே இருக்கிறது. ஆக இரண்டும் வேண்டும்: சந்தேகப்பட எக்ஸ்ரே, உறுதிசெய்யச் சளிப் பரிசோதனை. படத்தை மட்டும் பார்த்து ஆறு மாத மருந்து தொடங்கச் சொன்னால், "சளியில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பார்த்தாச்சா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைகள் அவை. அரசு மையங்களில் இலவசம்.

இதற்கு நேர்மாறாக, எக்ஸ்ரே நன்றாக இருப்பதாலேயே நுரையீரலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அடுக்குமாடியில் இருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். எக்ஸ்ரேயில் சொல்லும்படி ஒன்றுமில்லை. பேச்சுக் கொடுத்தபோது, பால்கனியில் ஏசி பெட்டிக்குப் பின்னால் புறாக்கள் கூடு கட்டியிருப்பதும், எச்சத்தைத் தினமும் அவரே பெருக்குவதும் தெரிந்தது. நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்ஆர்சிடி ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை வெளியே விட்ட நிலையிலும் சில படங்கள் கேட்டேன். காற்று வெளியேறாமல் சிக்கிய இடங்கள் கறுப்புத் திட்டுகளாக நின்றன. புறா எச்சத்தால் வரும் நுரையீரல் ஒவ்வாமைக்குப் பொருந்தும் படம் அது. மூச்சை விட்ட படங்கள் இல்லாமல் போயிருந்தால் அந்தத் திட்டுகள் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

அதற்காகச் சின்ன இருமலுக்கெல்லாம் சிடி கேட்காதீர்கள். எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட், வழக்கமான நெஞ்சு சிடி அதைப்போல் ஐம்பது, அறுபது மடங்கு. தேவையென்றால் எடுத்தே ஆக வேண்டும், மறுக்க வேண்டாம். எந்தக் கேள்விக்காக எடுக்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

காசநோய் குணமானவர்களுக்குத் தனியாக ஒன்று. தழும்பு ஆயுசுக்கும் படத்தில் நிற்கும். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ, பத்து வருடம் கழித்து வரும் சாதாரணக் காய்ச்சலிலோ அந்தத் தழும்பு புது நோயாகத் தோன்றலாம். சிகிச்சை முடிந்த அன்று ஒரு படம் எடுத்து, மருந்துச் சீட்டோடு ஒரே கவரில் போட்டு, தேதியை வெளியே எழுதி வையுங்கள். சிடி என்றால் அச்சிட்ட ஃபிலிம் மட்டும் போதாது, டிஸ்க்கையோ பென்டிரைவையோ கேட்டு வாங்குங்கள். செல்போனில் அனுப்பும் ஃபிலிம் போட்டோவில் வெளிச்சம் பட்டு முக்கால்வாசி மறைந்துவிடும். அதை வைத்து நான் அறிக்கை எழுதுவதில்லை.