ஹெடர்களை நகர்த்தக் கற்றுக்கொள்ளுங்கள்

திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க வரும் இளைஞர்கள் புது வசதி எழுதத்தான் முந்துகிறார்கள். ‘ஹெடர் ஃபைல்களைச் சீரமைக்க வேண்டும், லைப்ரரிகளைப் பிரித்து அடுக்க வேண்டும்’ என்ற வேலை பட்டியலில் இருந்தால் கிடந்தபடியே கிடக்கும். சி, சி++ துறையில் காலூன்ற நினைப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும் என்பேன். ஒரு மென்பொருள் தன்னை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்களுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது ஹெடர்களில்தான் இருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றியபடியே உள்ளே இருப்பதை மாற்றத் தெரிந்தவர்களைத்தான் வாகனம், கணினிவழி வடிவமைப்பு, மருத்துவப் படிமம் என்று பல வருடப் பழைய நிரல்களோடு வாழும் நிறுவனங்கள் தேடுகின்றன.

பிஎல்பிளாட் என்ற அறிவியல் வரைபடப் பொதியை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் எழுதப்பட்டது. பைத்தான், ஃபோர்ட்ரான், ஜாவா, டிசிஎல், லுவா, ஆக்டேவ், அடா, ஓகேமல் என்று பல மொழிகளிலிருந்து அதை அழைக்கலாம். நடுவில் ஒரு மைய லைப்ரரி. அதையொட்டி உதவி லைப்ரரிகள் சில: சிதறிக் கிடக்கும் புள்ளிகளை இடைக்கணிக்க ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓவிலிருந்து வந்த சிஎஸ்ஏ, என்என் இரண்டும், தேதி நேரக் கணக்குக்கு க்யூசாஸ்டைமும். படத்தைத் திரையிலோ கோப்பிலோ தீட்டும் டிரைவர்கள் தனி: கெய்ரோ, க்யூட்டி, எக்ஸ் விண்டோ, போஸ்ட்ஸ்கிரிப்ட், எஸ்விஜி. இத்தனை பேர் ஒரே வீட்டில் குடியிருந்தால் எந்த ஹெடர் யாருடையது என்ற கேள்வி வராமல் இருக்காது.

கை வைக்கும் முன் படியுங்கள். பிஎல்பிளாட்டின் பொது ஹெடரைத் திறந்தால் ஒரு விசித்திரம் தெரியும். கோடு வரைய நீங்கள் ‘பிஎல்லைன்’ என்று எழுதுகிறீர்கள். ஹெடரில் இருக்கும் ஒரு மேக்ரோ அதை ‘சி_பிஎல்லைன்’ என்று மாற்றிவிடுகிறது. லைப்ரரிக்குள் உண்மையில் இருக்கும் பெயர் அதுதான். ஃபோர்ட்ரான் பக்கத்துப் பெயர்களோடு மோதாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. தேவையற்ற சுற்றுவழி என்று நினைத்து ஒருவர் மேக்ரோவையும் உள்ளே இருக்கும் ‘சி_’ முன்னொட்டையும் சேர்த்து நீக்கினால் சி உதாரணங்கள் எல்லாம் சுத்தமாகக் கம்பைல் ஆகும். ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருக்கும் ஊர்ப்பட்ட நிரல்கள்தான் பழைய பெயரைத் தேடி நிற்கும்.

இதைவிட நுட்பமானது எண்ணின் அளவு. ‘பிஎல்எஃப்எல்டி’ என்பது டபுளா ஃப்ளோட்டா என்பதை ‘பிஎல்_டபுள்’ என்ற வரையறை தீர்மானிக்கிறது. பில்டின்போது உருவாகும் ‘பிஎல்கான்ஃபிக்’ ஹெடரில் அது இருக்கிறது. ‘உருவாக்கப்பட்ட கோப்புதானே, உள்வீட்டு விஷயம்’ என்று அதைப் பொது ஹெடரிலிருந்து துண்டித்துவிட்டால் பயனரின் நிரல் ஃப்ளோட்டை அனுப்பும், லைப்ரரி டபுளை எதிர்பார்க்கும். கம்பைலர் எச்சரிக்காது, லிங்கரும் வாய் திறக்காது. வரைபடம் மட்டும் குப்பையாக வரும். ஹெடர் சீரமைப்பில் நான் மிகவும் அஞ்சுவது இந்த வகைப் பிழையைத்தான்.

ஆகவே முதல் வாரம் முழுக்க, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று வரைபடம் போடுங்கள். ஜிசிசியின் ‘எம்எம்’, ‘எச்’ ஆகிய தெரிவுகள் எந்தக் கோப்பு எதை இழுக்கிறது என்று காட்டும். லைப்ரரி வெளியே காட்டும் பெயர்களை ‘என்எம்’ சொல்லும், எந்த லைப்ரரி எதைச் சார்ந்தது என்பதை ‘ரீட்எல்ஃப்’ சொல்லும். பிறகு ஹெடர்களைப் பிரியுங்கள்: பயனருக்காக நிறுவப்படுபவை, உள்ளுக்கு மட்டும் உரியவை, பில்ட் உருவாக்குபவை. பெயரை நம்பிப் பிரிக்காதீர்கள். பிஎல்பிளாட்டில் ‘பிஎல்எஸ்டிஆர்எம்’ என்ற ஹெடரில் இருப்பது உள்நிலையைச் சுமக்கும் ஸ்ட்ரக்சர். ‘பிஎல்ஸ்ட்ரீம்’ என்ற ஹெடரில் இருப்பது சி++ பயனருக்கான கிளாஸ். உள்ளுக்குரியது என்று நீங்கள் முடிவு செய்த ஹெடரைக்கூட வெளியே யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். டெபியனின் கோட் சர்ச்சில் அந்த ஹெடரின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பொதிகளின் மூலநிரல் அங்கே தேடக் கிடைக்கிறது. ஐந்து நிமிடத் தேடல் ஐந்து பேரின் பில்டைக் காப்பாற்றும்.

கமிட்டில் ஒழுக்கம் வேண்டும். ஒரு கமிட்டில் கோப்பை நகர்த்துங்கள், அடுத்ததில் உள்ளடக்கத்தை மாற்றுங்கள். கோப்பு நகர்ந்தது என்பதை கிட் குறித்து வைத்துக்கொள்வதில்லை. இரண்டு கோப்புகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்து ஊகிக்கிறது, இயல்பாக 50 சதவீத ஒற்றுமை வேண்டும். நகர்த்தும்போதே திருத்தியும் எழுதினால் அந்த ஊகம் தவறிவிடும். இந்த வரியை யார், எதற்காக எழுதினார் என்ற வரலாறு அங்கேயே அறுந்துபோகும். பழைய அறிவியல் பொதிகளில் ஆவணத்தைவிட அந்த வரலாறுதான் அதிகம் பேசும், தயவுசெய்து அதை அறுத்துவிடாதீர்கள்.

லைப்ரரிகளைப் பிரிக்கும்போது வட்டச் சார்பு தலைகாட்டும். மையம் டிரைவரை ஏற்ற வேண்டும், டிரைவரோ மையத்தின் செயற்கூறுகளை அழைக்க வேண்டும். லினக்ஸில் பகிர் லைப்ரரிக்குள் தீர்க்கப்படாத பெயர்கள் இருந்தாலும் இயல்பாக லிங்கர் விட்டுவிடும், ஓடும் நேரத்தில் கிடைத்தால் போதும். விண்டோஸில் டிஎல்எல் உருவாகும்போதே ஒவ்வொரு பெயருக்கும் விடை வேண்டும். லினக்ஸில் மட்டும் வேலை பார்ப்பவர் சந்தோஷமாகப் பிரித்த லைப்ரரி விண்டோஸில் உருவாகவே மறுப்பது இதனால்தான். டிரைவர்களை ஓடும் நேரத்தில் ஏற்றும்படி பிஎல்பிளாட் வைத்திருப்பது இந்தச் சிக்கலுக்கு நல்ல பதில். டிரைவர் மையத்தை லிங்க் செய்கிறது, மையம் டிரைவரைப் பெயரால் மட்டும் அறிகிறது. இன்னொரு லாபமும் உண்டு. அந்த வசதியை அணைத்துவிட்டால் டிரைவர்கள் மைய லைப்ரரிக்குள்ளேயே சேர்ந்துவிடும், ஒரு சின்ன கோட்டுப் படம் வரைய வந்தவரும் க்யூட்டியைச் சுமக்க வேண்டிவரும்.

எந்தப் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்பதிலும் இரண்டு உலகங்களுக்கும் வேறு வழக்கம். லினக்ஸில் ஸ்டேடிக் அல்லாத எல்லாச் செயற்கூறும் இயல்பாக வெளியே தெரியும். விசுவல் சி++ கம்பைலருக்கோ குறியிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் குறிகளுக்கென்றே பிஎல்பிளாட்டில் ‘பிஎல்டிஎல்எல்’ என்ற ஹெடர் இருக்கிறது. லைப்ரரியை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வேண்டும். ஒன்றில் ஏற்றுமதியாக இருப்பது மற்றதற்கு இறக்குமதி.

சோதனையில் சோம்பல் கூடாது. பிஎல்பிளாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட நிலையான உதாரணங்கள் உண்டு, அவற்றை மொழி மொழியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மொழியும் தரும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பை சி தரும் கோப்போடு ஒப்பிடும் சோதனையும் இருக்கிறது. இடம் மட்டும் மாற்றும் வேலைக்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடைக்காது. தொடங்கும் முன் எல்லாப் படங்களையும் எடுத்து வையுங்கள். முடிந்தபின் ஒப்பிடுங்கள். தேதி வரியைத் தவிர ஒரு எழுத்துகூட மாறக் கூடாது.

பில்ட் மரத்துக்குள் எல்லாம் ஓடுகிறது என்பதோடு நிறைவடையாதீர்கள். பயனர் வாழ்வது நிறுவப்பட்ட மரத்தில். ஒரு தனி அடைவில் நிறுவி, மூலநிரல் அடைவின் பெயரை மாற்றி ஒளித்துவிட்டு, உதாரணங்களை ‘பிகேஜி கான்ஃபிக்’ வழியாக ஒருமுறையும் சிமேக் வழியாக ஒருமுறையும் பில்ட் செய்யுங்கள். பகிர் லைப்ரரியாகவும் நிலை லைப்ரரியாகவும் தனித்தனியே பாருங்கள். அதே கணினியில் பழைய பதிப்பு நிறுவப்பட்டிருக்கும்போதும் ஓட்டுங்கள். இன்க்ளூட் பாதையின் வரிசை பிசகினால் கம்பைலர் பழைய ஹெடரை எடுத்துக்கொண்டு புது லைப்ரரியோடு இணைத்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு பொது ஹெடரையும் ஒரு வெற்று சி கோப்பில் தனியாகச் சேர்த்துக் கம்பைல் செய்து பார்ப்பதும் அவசியம்.

பெயரை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு, விலையும் தெரிந்திருக்க வேண்டும். டபுள் துல்லியத்தைக் குறிக்க பிஎல்பிளாட் தன் லைப்ரரிப் பெயரின் கடைசியில் ஒரு காலத்தில் ‘டி’ என்ற எழுத்தைச் சேர்த்து வைத்திருந்தது. பிற்பாடு அதை விட்டுவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த லைப்ரரியை நம்பியிருக்கும் ஜிடிஎல் போன்ற மென்பொருள்கள் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் தேடும்படி தங்கள் பில்டை எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. நகர்ந்த ஹெடரின் பழைய இடத்தில் புதியதைச் சேர்க்கும் ஒற்றை வரிக் கோப்பை விட்டுவையுங்கள். ஒரு வெளியீடாவது அது இருக்கட்டும். லைப்ரரியின் வெளிமுகம் உடைந்தால் அதன் எஸ்ஓநேம் எண்ணை ஏற்றியே ஆக வேண்டும், ஏற்றினால் விநியோகங்களில் சார்ந்த பொதிகள் அத்தனையும் மறுபில்ட் ஆக வேண்டும். உடைந்ததா என்பதை ஊகிக்க வேண்டாம். பழைய லைப்ரரியையும் புதியதையும் ‘ஏபிஐடிஃப்’ கருவியிடம் கொடுத்தால் வேறுபாட்டைப் பட்டியலிடும்.

பராமரிப்பாளர்களிடம் பேசும் விதம் பாதி வேலை. முழு மரத்தையும் மாற்றும் பேட்சை ஒரே நாளில் அனுப்பினால் அதைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு டிரைவரின் ஹெடரை மட்டும் சீர்செய்து அனுப்புங்கள், அது ஏற்கப்பட்டபின் அடுத்தது. வெளியீடு முடிந்த மறுவாரம் தொடங்குங்கள், வெளியீட்டுக்கு முந்தைய மாதம் கிட்டேயே போகாதீர்கள். உங்கள் மாற்றத்தால் ஒருவருடைய மேக்கில் பில்ட் உடைந்தது என்று செய்தி வந்தால் அன்றே பதில் எழுதுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே உங்களுக்குக் கமிட் உரிமை வாங்கித் தரும்.

ரெஸ்யூமேயில் ‘ஹெடர்களைச் சீரமைத்தேன்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. நிறுவப்பட்ட ஹெடர்கள் எத்தனையிலிருந்து எத்தனையாயின, எந்தெந்தத் தளங்களில் சோதித்தீர்கள், வெளிமுகத்தில் எத்தனை பெயர்கள் மாறின என்று எழுதுங்கள். நேர்காணலில், ‘யாருடைய நிரலும் உடையவில்லை என்று எப்படித் தெரியும்?’ என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். ஏபிஐடிஃப் அறிக்கையையும், நீங்களே மறுபில்ட் செய்து பார்த்த சார்புப் பொதிகளின் பட்டியலையும் மடிக்கணினியில் திறந்து காட்டுங்கள்.