ஊர்காண் காதை: சொந்த ஊரைப் புதியவராய்க் காணல்

தோற்றுவாய்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்றொரு காதை உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு மதுரை நகருள் புகும் கோவலன், மணிக்கடைத் தெருவும் பொற்கடைத் தெருவும் அறுவை வீதியும் கூல வீதியும் கண்டு மீள்கின்றான். அவன் பிறந்து வளர்ந்த புகாரின் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமுமோ, இந்திரவிழவூரெடுத்த காதையில் கவிக்கூற்றாகவே வருகின்றன. அயலூரில் விழித்திருக்கும் கண் சொந்த ஊரில் உறங்கிவிடுவது உலகியல்பு. அக்கண்ணை விழிக்கச் செய்வது எங்ஙனம் என்பதைக் காயல்பட்டினத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பூமியில் பயணம் செய்து காணுமாறு திருமறை பலவிடங்களில் மனிதனைத் தூண்டுகின்றது. அப்பயணம் நம் வாசற்படியிலிருந்தே தொடங்கலாம்.

புதியவர் கண்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, ‘காயில்’ என்னும் துறைமுகத்தைக் குறித்து எழுதியுள்ளார். ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த மரக்கலங்கள் அங்கு நின்றதைக் கூறும் அவர், மக்கள் ஓர் இலையை ஓயாது மெல்லுவதையும் வியப்புடன் குறிக்கின்றார். அது நாமறிந்த வெற்றிலையே. அக்காலத்து ஊரார் ஒருவர் தம் ஊரைப் பற்றி எழுத முற்பட்டிருப்பின், வெற்றிலை மெல்லுவதை ஒரு செய்தியாகக் கருதியிருப்பாரா? இங்கு நமக்கு முதற்பாடம் கிடைக்கின்றது. அன்றாடம்தானே என்று நாம் ஒதுக்குவதையே முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பற்றும் உண்மையும்

தாமிரவருணி கடலோடு கலக்கும் பகுதியில் பழையகாயல், புன்னைக்காயல் என்னும் ஊர்கள் உள்ளன. தெற்கே காயல்பட்டினம் உள்ளது. மார்க்கோ போலோ கண்டது பழையகாயலே என்பது 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதியை நேரில் ஆராய்ந்த கால்டுவெல் அவர்களின் முடிபு. அங்குச் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடந்ததையும் அவர் கண்டார். ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் விலகியது. கொற்கையின் சிறப்புக் காயலுக்கு மாறியது. பின்னர்க் காயலின் துறையும் தூர்ந்தது. காயல்பட்டினத்தார் சிலர்க்கு இம்முடிபு கசக்கலாம். ஆயினும், ஊர்ப்பற்று உண்மைக்குக் குறுக்கே நிற்றலாகாது. ஆறும் கடலும் இடம்மாற, மக்களும் வணிகமும் இடம்பெயர்ந்த நீண்ட வரலாற்றின் ஓர் அங்கம் நம் ஊர் என்று அறிவது எவ்வகையிலும் சிறுமையன்று.

தெருவும் வீடும்

ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் வெளிவந்தது. ஊர்ப்பெயருக்கு அவர் செய்ததைத் தெருப்பெயருக்கு நாம் செய்யலாம். கொச்சியார் தெரு என்னும் பெயர் மேலைக் கடற்கரையை நினைவூட்டுகின்றது. பரிமார் தெரு என்றதும் குதிரை நினைவுக்கு வரும். ஆனால் ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. பழைய பத்திரங்களில் அப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று பார்த்த பின்னரே முடிவு கூற வேண்டும்.

வீடுகளுக்கிடையே செல்லும் குறுகிய ‘முடுக்கு’, பெண்கள் தெருவுக்கு வராமலே வீடுவிட்டு வீடு சென்றுவரும் வழியாகும். மணமான மகள் தாய்வீட்டிலோ தனக்கென அளிக்கப்பட்ட வீட்டிலோ வாழ, மணமகன் அங்கு வந்து சேரும் வழக்கத்தோடு இம்முடுக்கைச் சேர்த்து நோக்கின், ஊரின் அமைப்பில் பெண்வழி உறவுக்குள்ள இடம் புலனாகும். பெண்கள் கூடித் தொழுவதற்கெனத் தனித் தைக்காக்களும் இவ்வூரில் உண்டு. இவற்றைப் பற்றி முறையாக எழுதத் தக்கவர்கள் நம் மாணவியரே.

கல்லும் சொல்லும் ஏடும்

பழம்பள்ளிகளின் கற்றூண்களையும் அவற்றின் மேலுள்ள போதிகைகளையும் நின்று காணுங்கள். கோயில் மண்டபங்களை எழுப்பிய அதே கல்தச்சு மரபு, உருவங்களை நீக்கிப் பூவும் கொடியும் கொண்டு பள்ளிவாசலை எழுப்பியுள்ளது. சொல்லும் அவ்வாறே. சமணர்க்கும் பௌத்தர்க்கும் உரியதாயிருந்த ‘பள்ளி’ நம் வணக்கத்தலத்தின் பெயராயிற்று. தொழுகை, நோன்பு என்பனவும் தூய தமிழ்ச் சொற்களே.

1632இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடக்கமான சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் அரபியில் கவி பாடிய பெரியார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு வேண்டிய வரலாற்றுச் செய்திகளை அளித்து உதவியவராகவும் அவரை மரபு போற்றுகின்றது. நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரும் இவ்வூரினரே. இவர்கள் மரபில் வளர்ந்த அரபுத்தமிழ், அரபியில் இல்லாத தமிழொலிகளுக்கென எழுத்துகளில் புதுக் குறிகள் சேர்த்து அமைத்துக்கொண்ட எழுத்துமுறையாகும். பாட்டனார் காலத்துக் கடிதங்களும் கணக்குகளும் மாலைகளும் அவ்வெழுத்தில் பல இல்லங்களின் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைத் தடையின்றிப் படிக்கவல்லோர் முதியோரே. அவர்கள் மறைந்தால் ஏடு இருந்தும் பயனில்லை.

செய்யத்தக்கன

மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊரில் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. ஒரு தெருவை மட்டும் தேர்ந்து, நாளும் செல்லும் வழியை விடுத்து, அதன் மறுமுனையிலிருந்து நடந்து வருதல்.
2. வெளியூர் நண்பர் ஒருவரை உடனழைத்துச் சென்று, அவர் கேட்கும் வினாக்களையெல்லாம் குறித்தல். விடை தெரியாத வினாவே ஆய்வுப்பொருள்.
3. பள்ளிகளிலும் அடக்கத்தலங்களிலும் உள்ள கல்வெட்டுகளை நிருவாகத்தாரின் இசைவுடன் படமெடுத்தல். புதுப்பிக்கும் பணி தொடங்குமுன் இதனை முடித்தல்.
4. முதியோரிடம் சென்று, அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே பதிவு செய்தல்.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழையன இடித்துப் புதியன கட்டுவது தேவையாகலாம். அவ்வேளையில் எழுத்துள்ள ஒரு கல்லையேனும், மை படிந்த ஓர் ஏட்டையேனும் குப்பையோடு சேர்த்துவிடாதீர்கள். இளைஞர் எவரேனும் வந்து வினவினால், இதெல்லாம் உனக்கெதற்கு என்னாது அமர்ந்து விடை கூறுங்கள்.

நிறைவுரை

பிழைப்பின் பொருட்டு இலங்கைக்கும் மலேயாவுக்கும் வளைகுடாவுக்கும் சென்ற நம்மவர், அவ்வூர்த் தெருக்களை நன்கறிந்து திரும்பினர். சென்ற ஊரை அறிந்த அளவு பிறந்த ஊரை அறிந்தோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளல் நன்று. பிறர் எழுதிய பயணக் குறிப்பிலிருந்து நம் ஊரை அறிந்தது போதும். இனி நம் ஊரின் ஊர்காண் காதையை நாமே எழுதுவோம். அதற்குச் சான்று கூறவல்லோர் நம்மிடையே இருக்கும்போதே எழுதுவோம்.