ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால்

குடும்பத்துக்கென்று வாங்கிய ஏழு சீட்டர் வண்டி வழியில் நின்றுபோனால் மொத்த வீடும் சாலையோரத்தில் நிற்க வேண்டியதுதான். முழங்கால் வலியோடு அம்மா, தோளில் தூங்கும் குழந்தை, பசிக்கிறது என்று முனகும் பிள்ளைகள். எங்கள் டீசல் வண்டி வாரண்டி காலத்திலேயே எங்களை இப்படி அடிக்கடி நிறுத்தியது. சேலத்திலிருந்து பெங்களூரு போகையில் தொப்பூர் ஏற்றத்தில் ஹீட் ஏறும். ரெக்கவரி வண்டி வந்து கட்டி இழுத்துப் போகும். ஹெட் கேஸ்கட் மாற்றித் தருவார்கள். சில மாதம் நன்றாக ஓடும். அப்புறம் அதே ஏற்றம், பானட்டுக்குள்ளிருந்து அதே ஆவி.

இந்த அலைச்சலில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. சர்வீஸ் சென்டர் கணக்கில் ஒவ்வொரு முறையும் அது ஒரு புது ஜாப் கார்டு. ஓனருக்கு அது ஒரே பழுதின் தொடர்ச்சி. அந்தத் தொடர்ச்சியை எழுத்தில் நிலைநாட்டும் வேலையை நமக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள். செய்துவிட்டால், பழுதின் மூலமும் பிடிபடும், நியாயம் கேட்கவும் வழி பிறக்கும்.

எது போச்சு, எதனால் போச்சு?

சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். பல டீசல் இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் கேஸ்கட். கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி இருக்கும்வரை அது தாங்கும். சூடு கைமீறினால் ஹெட் வளையும். 0.1 மில்லிமீட்டர் வளைந்தாலே பல இன்ஜின்களில் கேஸ்கட் நிற்காது. ஆக, கேஸ்கட் போனது பெரும்பாலும் விளைவுதான். சூடு ஏன் ஏறியது என்பதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கேஸ்கட் போட்டால், அதுவும் போகும்.

ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன், மூடி, ஹோஸ் இவற்றை எல்லா ஒர்க்ஷாப்பிலும் பார்ப்பார்கள். டீசல் வண்டியில் பலரும் விட்டுவிடும் இன்னொரு பாகம் இ.ஜி.ஆர். கூலர். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும்முன் கூலன்ட்டால் ஆறவைப்பது இதன் வேலை. இதன் உட்குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால், கூலன்ட் இன்ஜினுக்குள் போய் ஆவியாகிப் புகையோடு வெளியேறிவிடும். தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது. ரிசர்வ் டேங்க்கில் மட்டும் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

இதை எனக்குச் சொன்னவர் சங்ககிரி பக்கம் லாரி இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். "கேஸ்கட் போனது கடைசியா நடந்தது சார். தண்ணி எங்க போச்சுன்னு யாராச்சும் பாத்தாங்களா? வாரண்டி வண்டி, நான் கை வைக்க மாட்டேன். உங்க முன்னாடி கூலரக் கழட்டித் தண்ணில முக்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

பழுது வரும் நிலையிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்

சர்வீஸ் சென்டரில் டிரையல் பார்ப்பவர் தனியாக, சமதளத்தில், சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு "நல்லா இருக்கு சார்" என்பார். எங்கள் வண்டிக்கோ ஏழு பேரும் லக்கேஜும் ஏறி, ஏ.சி. ஓடி, ஏற்றமும் வந்தால்தான் பழுது தலைகாட்டும். அதனால் டெக்னீஷியனையே கூட்டிக்கொண்டு, ஆள் நிறைய ஏற்றி, ஸ்கேனரை மாட்டி, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்க்க ஏற்பாடு செய்தேன். பாதி மலையில் டேஷ்போர்டு முள் நடுவிலேயே அசையாமல் நின்றது. ஸ்கேனரில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. பல வண்டிகளில் முள்ளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சூடு கணிசமாகக் கூடும்வரை அது நடுவிலேயே நிற்கும். முள் நகரும்போது காலம் கடந்திருக்கும். புளூடூத் ஓ.பி.டி. கருவி ஒன்றை வாங்கி மாட்டினால் உண்மையான டிகிரியைப் போனிலேயே பார்க்கலாம்.

இன்னொன்று: கூலன்ட் மிகவும் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் முள் கீழேகூட இறங்கும். ஹீட்டர் போட்டும் குளிர்ந்த காற்று வந்தால் உடனே நிறுத்துங்கள்.

மலையில் கிடைத்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய பிறகுதான் கூலரைக் கழற்றினார்கள். கூலன்ட் வழியை அடைத்துக் காற்று ஏற்றித் தொட்டியில் அமிழ்த்தியபோது, புகை போகும் வாயிலிருந்து மணிமணியாகக் குமிழி வந்தது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "ஏற்றத்தில் ஹீட் ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது, இதே புகாருக்கு முன்பு கேஸ்கட் மாற்றப்பட்டது" என்று பழைய ஜாப் கார்டு எண்ணோடும் கிலோமீட்டரோடும் எழுதச் சொல்லுங்கள்.

வாரண்டியில் கழற்றிய பாகம் கம்பெனிக்குப் போய்விடும். அதற்குள் போட்டோ எடுங்கள். ஹெட்டை அளந்த கணக்கைக் கேட்டு வாங்குங்கள். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டை ஒருமுறைதான் முறுக்கலாம். பில்லில் புது போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க்கின் மட்டத்தையும் ஓடோமீட்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள். போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

வழியில் சூடு ஏறினால்

ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்து, இடப்பக்கம் ஒதுங்கி இன்ஜினை நிறுத்துங்கள். எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். நெடுஞ்சாலையில் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஆபத்து. ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழையுங்கள். "அடுத்த ஒர்க்ஷாப் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று கிளப்பினால் ஹெட் வளையும், "சூட்டோடு ஓட்டினீர்கள்" என்று வாரண்டியையும் மறுப்பார்கள்.

பேச்சு எடுபடாதபோது

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருள் அதன் வரம்புக்குள் வரும். 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால் 'வணிகப் பயன்பாடு' என்ற வாதம் எழும். சொந்த உபயோகம்தான் என்பதற்கு ஆதாரம் வையுங்கள்.

பழுது வந்ததாலேயே புது வண்டி கிடைத்துவிடாது. பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடியும் என்றால் முழு வண்டியை மாற்றித்தர உத்தரவிட முடியாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உற்பத்திக் குறை என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை வேண்டும். ஆணையமே பரிசோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது. சேர்த்து வைத்த ஜாப் கார்டுகளுக்கு அங்கேதான் மதிப்பு.

அதே மாடல் வைத்திருக்கும் மற்ற ஓனர்களைத் தேடிப் பேசுங்கள். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே புகார் கொடுக்கலாம். பாதுகாப்பைப் பாதிக்கும் குறை என்றால், 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ரீகால் ஏற்பாடு 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. ஒரே மாதிரிப் புகார்கள் போதிய அளவு சேர்ந்தால்தான் விசாரணை தொடங்கும். அதனால் ஒவ்வொரு ஓனரும் பதிவு செய்வது அவசியம்.

எங்களுக்கு ஆணையம் வரை போக வேண்டி வரவில்லை. குமிழி வந்த வீடியோவும் ஜாப் கார்டுகளும் ஒரே கோப்பாகப் போனதும், கூலரையும் ஹெட்டையும் வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். இன்ஜின் வாரண்டியை நீட்டித்ததையும் எழுதி வாங்கிக்கொண்டோம். உங்கள் வண்டி அதே பழுதுக்காக மறுபடி உள்ளே போனால், டெலிவரி எடுக்கும்முன் "எதனால் போச்சு?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராமல் சாவியை வாங்காதீர்கள்.