தோப்பின் கடைசி மரம் வரை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் மண் ஈரம் பார்க்கும் சென்சார் போட்டுத் தருகிறேன். மோட்டார் ரூமிலிருந்து கடைசி மரம் வரை முக்கால் கிலோமீட்டர் இருப்பது இங்கே சாதாரணம். எந்த முறையில் இணைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை அளவு வேண்டும் என்பதைத்தான். மண்ணின் ஈரம் நொடிக்கு நொடி மாறாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போதுமென்றால் வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்கிக்கொள்ளலாம்.

சென்சாரில் ஐ2சி இருக்கிறதே, கம்பியை நீட்டினால் ஆகாதா என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். ஆகாது. ஒரே போர்டுக்குள் இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்ள பிலிப்ஸ் உருவாக்கிய முறை அது. லைனின் கெபாசிட்டன்ஸ் மொத்தம் 400 பிகோஃபாரடைத் தாண்டக் கூடாது. கேட்-5 கேபிள் மீட்டருக்குச் சுமார் 50 சேர்க்கும். எட்டு மீட்டரில் கணக்கு தீர்ந்துவிடும். ஈதர்நெட்டுக்கும் 100 மீட்டர்தான்.

ஒன்றிரண்டு சென்சார் என்றால் பழைய 4-20 மில்லிஆம்பியர் முறையே நல்லது. மின்னோட்டமே அளவைச் சொல்வதால், வழியில் வோல்டேஜ் குறைந்தாலும் அளவு பிசகாது. கம்பி அறுந்தால் பூஜ்யம் காட்டும். வறண்ட மண்ணோ என்று குழம்ப வேண்டியதில்லை. எண்ணிக்கை பத்து, இருபது என்று போனால் நான் ஆர்எஸ்-485 போட்டு, அதன்மேல் மோட்பஸ் ஓட்டுவேன். 9600 பாட் வேகத்தில் 1200 மீட்டர் வரை நம்பலாம். இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ரிசீவர் பார்க்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டர் கிளப்பும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறுவதால் கழிந்துபோகும்.

கேபிள் ஒரு சென்சாரில் நுழைந்து அடுத்ததற்குப் போக வேண்டும். நடுவில் ஒரு பெட்டி வைத்து நாலு திசைக்கும் கிளை பிரிக்கக் கூடாது. இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். சப்ளையை நிறுத்திவிட்டு ஏ, பி கம்பிகளில் மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓமை ஒட்டி, நீளமான கேபிளில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக, காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு கோடியில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதைப் போட்டிருக்கிறார்கள். கிரவுண்டுக்கு மூன்றாவது கம்பியும் கூடவே போகட்டும். ஏ, பி பெயர்களைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிப் போடுவார்கள்; பதில் வராவிட்டால் முதலில் அவற்றை மாற்றிப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது பவரில். பத்து சென்சார், ஒவ்வொன்றும் 20 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். எல்லாம் 500 மீட்டர் தள்ளி இருந்தால், கேட்-5இன் ஒரு ஜோடி போய்வர 84 ஓம். 0.2 ஆம்பியருக்கு 16.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் சப்ளை அங்கே போய்ச் சேரவே முடியாது. அதே தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இழப்பு இரண்டரை வோல்ட்கூட இல்லை. நான் 24 வோல்ட் அனுப்பி, சென்சார் பக்கத்தில் ரெகுலேட்டர் வைத்துக் குறைத்துக்கொள்வேன்.

தென்னை இருக்கும் இடத்தில் இடிக்குப் பயந்தே ஆக வேண்டும். ஐசொலேட்டட் டிரான்ஸீவர், இரண்டு முனையிலும் சர்ஜ் பாதுகாப்பு, அதற்கு ஒழுங்கான எர்த். இதற்கு ஆகும் செலவில் நான் பேரம் பேச விடுவதில்லை.